வீடு யார் வேலைக்காக இருக்கிறது?

கேள்வி:

ஐயா, எங்கள் வீடு கோத்தகிரி பக்கம் ஒரு தனியார் தேயிலை எஸ்டேட்டின் லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருக்கிறது. தாத்தா பாட்டி சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தவர்கள். அப்பா 31 வருடம் செடி வெட்டுகிற கவாத்து, மருந்தடிப்பு, பேக்டரி என்று எல்லா வேலையும் பார்த்து ரிட்டயர் ஆகிவிட்டார். சர்வீஸ் பணம் மட்டும் இன்னும் வரவில்லை. "லைன் வீட்டைக் காலி பண்ணி சாவியக் குடு, அப்புறம் செக்க வாங்கிக்கோ" என்கிறார்கள். வீடு வேண்டுமென்றால் நான் வந்து எஸ்டேட் வேலைக்குப் பேர் பதிய வேண்டுமாம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 53 வயது. அதே எஸ்டேட்டில் பெர்மனெண்டாகக் கொழுந்து எடுக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. ஒவ்வொன்றிலும் தண்ணீர்க் கழிவு என்று இரண்டு கிலோ பிடிக்கிறார்கள், சுள்ளென்று வெயில் அடிக்கும்போதும்கூட. ஒருநாள் அம்மா ஏன் என்று கேட்டதற்கு, மறுநாளே தூரத்து மேட்டுக் காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்கு முட்டி வலி. அவரோடு சேர்த்து நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மாவும் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்பதில்லை. ராத்திரி காலண்டர் தாளில் அன்றைய கிலோவை எழுதி வைப்பார், அவ்வளவுதான்.

அப்பா வாரா வாரம் ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்கிறார். "தொரை நல்லவரு, பாத்துச் செய்வாரு" என்கிறார். தீபாவளிக்குப் போனபோது நேரில் பார்த்தேன். அந்த மேனேஜருக்கு என் வயதுதான் இருக்கும். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. யூனியனும் பிரயோஜனம் இல்லை. எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்ஆப் குரூப்களிலும் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இல்லை, வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவதா? எங்கள் சனம் மட்டும் ஏன் இப்படி அடங்கியே போகிறது?

பெயர் வேண்டாம், கோத்தகிரி.

பதில்:

தம்பி, வீடியோவை இப்போதைக்குப் போட வேண்டாம். எடுத்தது இருந்தால் அழிக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன். வேலையையும் விட வேண்டாம்.

நான் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கிற வக்கீல். என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி பணத்தைப் பற்றியதும் வீட்டைப் பற்றியதும். ஆனால் உங்கள் கடிதத்தில் சூடாக இருப்பது கடைசி வரிதான், எங்கள் சனம் ஏன் அடங்கிப் போகிறது என்பது. அதற்குப் பதில் சொல்லாமல் படிவத்தைப் பற்றிப் பேசினால் உங்கள் காதில் ஏறாது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் தாத்தாவின் தாத்தா காலத்தில், சிலோன் தோட்டத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போக நினைத்தால் கையில் துண்டு இருக்க வேண்டும். கடன் தீர்ந்துவிட்டது, இந்த ஆளை வேறு தோட்டம் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. கடன் எப்போது தீரும்? கப்பல் செலவிலிருந்து கலியாணச் செலவு வரை, ஆள் சேர்த்து வேலை வாங்குகிற கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், அந்தப் புத்தகம் கங்காணியிடமே இருக்கும். அந்த முறையை ஒழித்து 1921இல் சட்டம் வந்தது. 1948இல் அங்கே தோட்டத் தமிழர்களின் குடியுரிமை போனது, அடுத்த ஆண்டு ஓட்டும் போனது. பிறகு 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் இரண்டு பிரதமர்கள், நம் சாஸ்திரியும் இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், கையெழுத்துப் போட்டார்கள், நீங்கள் சொல்லும் சாஸ்திரி ஒப்பந்தம் அதுதான். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. அந்த மீதியை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். உங்கள் பாட்டி உயிரோடு இருந்தால் தலைமன்னாரில் கப்பல் ஏறியதையும் மண்டபம் முகாமில் இருந்த நாட்களையும் கேளுங்கள். எந்த ஊருக்குப் போகிறோம் என்பதுகூடத் தெரியாமல் கையில் ஒரு தாளோடு நின்ற குடும்பங்கள் உண்டு. நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் 1968இல் தொடங்கியது இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான், பின்னால் அது டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. அங்கே இடம் கிடைக்காதவர்கள், சமவெளியில் கொடுத்த வியாபாரக் கடனை வைத்து வியாபாரம் பண்ணத் தெரியாதவர்கள், தெரிந்த ஒரே வேலையைத் தேடி இந்த மலைக்கு ஏறி வந்தார்கள். உங்கள் குடும்பமும் அப்படி வந்திருக்கலாம்.

இந்த வரலாற்றில் ஒவ்வொரு முறையும் ஆளைப் பிடித்து வைத்தது சவுக்கு இல்லை. சவுக்கு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆளை விடாமல் வைத்தது முதலில் கடன், பிறகு குடியுரிமைத் தாள், இப்போது வீடு. கூலி வேலை போனால் இன்னொரு கூலி வேலை தேடலாம். வேலையோடு வீடும் போகும் என்றால் யோசிப்பான். குழந்தை படிக்கிற பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஓட்டு, சாமி, செத்தவர்களைப் புதைத்த இடம் எல்லாம் அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. உங்கள் அப்பா 31 வருடம் செருப்பைக் கழற்றியது ஒரு மேனேஜருக்காக இல்லை. எத்தனை மேனேஜர்கள் வந்து போனார்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அவர் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, ஒரு முகவரியைக் காப்பாற்றினார். நீங்கள் கணக்கு படித்தது அந்த முகவரியில் இருந்துதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், இது உபதேசம் இல்லை, கணக்கு.

ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. கைகட்டி நிற்பது பலிப்பதற்குக் காரணம், மறுபக்கத்துக்கும் அந்த ஆள் தேவை என்பது. மழைக்காலத்தில் கவாத்துக்குத் தெரிந்த கை வேண்டும், அதனால் தொரையும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். அட்வான்ஸ் கொடுப்பார், ஒரு நாள் லீவைக் கண்டுகொள்ள மாட்டார். ரிட்டயர் ஆன ஆளிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் பலித்த முறை இப்போது பலிக்கவில்லை, அது உங்கள் அப்பாவுக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அவரைக் கோழை என்று நினைத்தால் இந்த விஷயம் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அடங்கியே போனார்கள் என்பதும் சரியில்லை. சிலோனில் வெளியாள் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில், தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் மூட்டையோடு லயங்களுக்குள், அதாவது லைன் வீடுகளுக்குள், போய்ப் பார்த்தார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆள் சேர்த்தார். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் வராதது எவ்வளவோ. கங்காணியைக் கிண்டல் பண்ணி அவர் முன்னாலேயே வேறு அர்த்தத்தில் பாடிய பெண்கள், தொரை போனதும் மெதுவாகிப்போகிற கை, கேட்டதற்கெல்லாம் "தெரியாதுங்க" என்று சொல்லிவிடுகிற வாய். இதையெல்லாம் சோம்பேறித்தனம், முட்டாள்தனம் என்று எழுதி வைத்த தொரைமார் உண்டு. எழுதட்டும்.

நம் மாவட்டத்திலேயே கூடலூர்ப் பக்கம் பாருங்கள். பணியர் என்ற ஆதிவாசிகளை வயநாட்டு வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில் ஒரு வருடத்துக்கு என்று பேசிப் பிடித்துக்கொண்டு போன காலம் இருந்தது. தலைகுனிந்தே இருப்பவர்கள் என்று எல்லாரும் சொன்ன சனம் அது. 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூர் வீதியில் ஊர்வலம் போனார்கள். எனக்கு ஊர்வலத்தைவிடப் பிடித்தது அவர்கள் நிலத்தில் செய்த வேலை. கையைவிட்டுப் போகிற நிலத்தில் தேயிலை நட்டார்கள். ராகி விதைத்தால் அறுவடையோடு அடையாளம் போய்விடும், தேயிலை பல பத்து வருடம் நிற்கும், நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எந்தப் பயிரை வைத்து அவர்களிடமிருந்து நிலத்தை எடுத்தார்களோ அதே பயிர்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் போகிற போக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் உங்கள் கையில் இருக்கும் பலம். ஒன்று, அம்மா பெர்மனெண்ட். இன்னொன்று, காலண்டர்.

முதலில் வீடு. அது அப்பா பேரில் ஒதுக்கியிருப்பார்கள், அதனால் அப்பா ரிட்டயர் ஆனதும் காலி பண்ண வேண்டும் என்று நீங்களும் நம்பிவிட்டீர்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதியைத் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் நிர்வாகம் தர வேண்டிய கடமையாக வைத்தது. அதில் ஆண் தொழிலாளி என்று எழுதவில்லை. உங்கள் அம்மா தொழிலாளி. அவர் குடும்பம் யார்? அவர் கணவர், அதாவது உங்கள் அப்பா. ஆகவே நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது கருணை இல்லை. "என் கணவர் ஓய்வு பெற்றுவிட்டார், நான் நிரந்தரத் தொழிலாளியாகத் தொடர்கிறேன், இதே வீட்டை என் பேருக்கு மாற்றித் தர வேண்டும்" என்று அம்மா கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம். நீங்கள் வந்து பேர் பதிந்தால்தான் வீடு என்பது சும்மா மிரட்டல், கொழுந்து எடுக்க ஆள் குறைந்துபோன தவிப்பு அதில் கேட்கிறது. இன்றைக்கு நீலகிரி எஸ்டேட்களில் வட இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்து வேலை வாங்குகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அம்மாவும் ஓய்வு பெற்ற பிறகு? அங்கே உங்களுக்கு நல்ல வார்த்தை சொல்ல முடியாது. வேலை முடிந்த பிறகு லைன் வீட்டில் உரிமை கோருவது மிகவும் கடினம். தலைமுறை தலைமுறையாக இருந்தோம் என்பது நியாயம், ஆனால் பட்டா ஆகாது. உங்கள் எஸ்டேட்டில் ஓய்வு வயது 58 என்றால், அம்மாவுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அதற்குள் வெளியே ஒரு இடத்துக்கு வழி தேடுங்கள்.

அடுத்து சர்வீஸ் பணம். இதற்குப் பணிக்கொடை என்று பெயர், உதவித்தொகை என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். ஐந்து வருடமாவது வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி. நாள்கூலி 450 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 450ஐ 15ஆல் பெருக்கி, 31ஆல் பெருக்கினால் 2,09,250 ரூபாய். அப்பா கடைசியாக வாங்கிய கூலிச் சீட்டைப் பார்த்துச் சரியான தொகையை நீங்களே போட்டுவிடலாம், கணக்கு எழுதுகிறவர்தானே. இது சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். தாமதத்துக்கு வட்டி உண்டு.

அப்பாவை விண்ணப்பம் எழுதச் சொல்லியிருக்கிறார்களா என்று கடிதத்தில் இல்லை. என் அனுபவத்தில் பாதிப் பேர் விண்ணப்பமே கொடுத்திருக்க மாட்டார்கள். வாசலில் நின்றதைத்தான் விண்ணப்பம் என்று நினைத்திருப்பார்கள். நின்றதற்கு ரசீது கிடையாது. பணிக்கொடை விண்ணப்பத்தை எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டாலோ வீட்டைக் காரணம் காட்டி மறுத்தாலோ தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு. இதற்குக் காலக்கெடு உண்டு, தாண்டிப்போனால் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டி வரும், ஆகவே இந்த மாதமே செய்யுங்கள். சாவி கொடுத்தால்தான் செக் என்பதைப் பற்றி: வீட்டை விடாத ஊழியரின் பணிக்கொடையைப் பிடித்து வைக்கலாமா என்பதில் நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. அதனால்தான் வீட்டை முதலில் அம்மா பேருக்கு மாற்றக் கேட்கச் சொல்கிறேன். அந்தக் கடிதம் போய்விட்டால், அப்பா வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார் என்ற பேச்சே எழாது.

இடையில் ஒன்று. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, தோட்டத் தொழிலாளர் சட்டமும் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. அப்பா ஓய்வு பெற்ற தேதியைப் பொறுத்துப் படிவமும் பிரிவு எண்ணும் மாறும். பயப்பட வேண்டாம், தோட்டத்து வீட்டு வசதியும் வருடத்துக்கு 15 நாள் கணக்கும் பழையதிலும் உண்டு, புதியதிலும் உண்டு. யாராவது "அந்தச் சட்டமே இப்ப இல்லப்பா" என்று சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

வருங்கால வைப்பு நிதியையும் பாருங்கள். சிலோனிலிருந்து வந்த குடும்பங்களில் ஒரு பெரிய தலைவலி, பெயர். தாத்தா கொண்டுவந்த தாளில் ஒரு பெயர், செக்ரோல் என்ற எஸ்டேட் ஆள் பதிவேட்டில் மேஸ்திரி கூப்பிட்ட பெயர், ஆதாரில் வேறு. பிறந்த தேதியும் அப்படித்தான். அப்பாவின் பிஎஃப் கணக்கில் பெயரும் தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று இப்போதே பார்த்துத் திருத்தக் கொடுங்கள், பென்ஷன் அதில்தான் மாட்டிக்கொள்ளும். அம்மாவுடையதையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

இப்போது காலண்டர். "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அந்த எஸ்டேட்டில் நிர்வாகத்தின் கையில் இல்லாத ஒரே கணக்கு அதுதான். கங்காணியின் புத்தகம் கங்காணியிடமே இருந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா, இன்றைக்கும் நிறுவைக் கணக்கு ரைட்டரிடமே இருக்கிறது. உங்கள் அம்மா அதற்கு ஒரு எதிர்க்கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார், அன்றன்றைக்கு, அவர் கையெழுத்தில், தேதி அச்சடித்த தாளில். வழக்கு என்று வந்தால் பின்னால் யோசித்து எழுதியதைவிட அன்றன்றைக்கு எழுதியதற்கு மதிப்பு அதிகம். அந்தத் தாள்களைக் கிழித்து அடுப்பு மூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். இனிமேல் தராசில் காட்டியது எவ்வளவு, எழுதியது எவ்வளவு, மழையா வெயிலா, மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

மழையா வெயிலா என்பது ஏன் என்றால், ஈரக் கொழுந்துக்குக் கழிவு பிடிப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. இலையில் நிற்கும் தண்ணீருக்குக் கூலி கொடுக்க மாட்டேன் என்று நிர்வாகம் சொன்னால் நாம் மறுக்க முடியாது. மார்ச் மாத மத்தியானத்தில் என்ன தண்ணீர்? நிறுவைக்கு இரண்டு கிலோ என்றால் நாளைக்கு ஆறு, மாதம் 25 நாளுக்கு 150 கிலோ. நாற்பது பெண்களுக்கும் அப்படியே பிடித்தால் 6,000 கிலோ கொழுந்து. நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று வையுங்கள், மாதம் 1,300 கிலோவுக்கு மேல் தூள், கூலி கொடுக்காமல். இந்தக் கணக்கை அம்மாவிடம் போட்டுக் காட்டுங்கள். அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும், மொத்தத் தொகை மட்டும் தெரிந்திருக்காது.

தராசைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் கடைக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். கூலியைக் கணக்கிடப் பயன்படுத்தும் எடையும் அதற்குள் வருகிறது. எஸ்டேட் தராசிலும் அரசு முத்திரை இருக்க வேண்டும், காலாகாலத்தில் புதுப்பித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரை ஆய்வாளர்கள் தொழிலாளர் துறையின் கீழ்தான் இருக்கிறார்கள். தராசைச் சோதிக்கக் கேட்டு மனுக் கொடுக்கலாம். இதில் எனக்குப் பிடித்த அம்சம், இது மேனேஜரைத் திருடன் என்று சொல்வதில்லை. தராசைத்தான் சந்தேகப்படுகிறது. அவரும் கௌரவமாக, "தராசுல ஏதோ கோளாறு" என்று சொல்லிப் பின்வாங்க ஒரு வழி கிடைக்கும். பலம் உள்ளவரோடு மோதும்போது அவர் பின்வாங்க ஒரு வழி விட்டு வைப்பது நல்லது. நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்த பல விவகாரங்கள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

அந்த மனுவில் அம்மா மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. அவர் தனியாகக் கேட்டதால்தான் மேட்டுக் காட்டுக்குப் போனார். நாற்பது பேரையும் மேட்டுக் காட்டுக்கு அனுப்ப முடியாது, பள்ளத்துக் கொழுந்து முற்றிப்போகும். நாற்பதும் வராது, வர வேண்டியதும் இல்லை. இருபது கையெழுத்து வந்தால் போதும். கையெழுத்தை வட்டமாகப் போடச் சொல்லுங்கள், முதல் பெயர் எது என்று தெரியாது. பழைய தந்திரம், இன்றைக்கும் பலிக்கிறது. இதைத் திருப்பூரிலிருந்து ஃபோனில் நீங்கள் ஏற்பாடு பண்ண முடியாது, பண்ணவும் வேண்டாம். கொழுந்து எடுக்கிற இடத்தில் பேசிக்கொள்ள அவர்களுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை என்கிறீர்களே, உங்கள் முன்னால் திறந்திருக்க மாட்டார்கள்.

மேட்டுக் காட்டு மாற்றத்துக்கு உடனடியாகச் செய்யக்கூடியது, கோத்தகிரி அரசு மருத்துவமனையில் முட்டியைக் காட்டிச் சான்று வாங்கி, பக்கத்துக் காட்டில் வேலை கேட்டு எழுதுவது. இதைக் கழிவு விஷயத்தோடு சேர்க்காதீர்கள், தனித் தாள்.

வீடியோவுக்கு வருகிறேன். வீடியோவே கூடாது என்பவன் இல்லை நான். கொடைக்கானல் கதையைப் பாருங்கள். இந்துஸ்தான் லீவர் கொடைக்கானலில் நடத்திய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே வந்தது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவைக் கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் தங்கள் உடம்புக்கு வந்த கேட்டுக்காக 2006இல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2015இல் இதைப் பற்றிய ஒரு பாட்டு வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. வீடியோதான் ஜெயித்தது என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். அதற்கு வலு இருந்தது உண்மை. ஆனால் வீடியோ வந்தபோது அதற்குப் பின்னால் பதினாலு வருடக் கோப்பு இருந்தது. யார் எந்தப் பிரிவில் எத்தனை வருடம் வேலை செய்தார், என்ன நோய் என்று கேட்டால் எடுத்துக் காட்டத் தாள் இருந்தது. உங்கள் வீடியோவுக்குப் பின்னால் இன்றைக்கு என்ன இருக்கிறது? அப்பா செருப்பில்லாமல் நிற்கிற காட்சி. அதைப் பார்த்து ஊரெல்லாம் உச்சுக் கொட்டும். நாலு நாளில் மறந்துபோகும். அப்பா மட்டும் மறக்க மாட்டார். அவதூறு என்று ஒரு நோட்டீஸும் வரலாம். தராசு முள்ளையும் எழுதிய சீட்டையும் ஒரே காட்சியில் எடுக்க முடிந்தால் அது வேறு விஷயம், அதை எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

யூனியன் பிரயோஜனம் இல்லை என்பது எத்தனையோ இடத்தில் உண்மை. ஆனாலும் அம்மா சந்தா கட்டுகிற யூனியனுக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். பின்னால் "எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்ற வாய் அடைபடும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர், தோட்டத் தொழிலாளர் போன்றவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

அப்பாவிடம் கையெழுத்து வாங்குவதுதான் இதில் கஷ்டமான வேலை. தொரையை எதிர்த்து எழுதுவதாக அவர் நினைப்பார், மாட்டேன் என்பார். நீங்கள் போய்ச் சட்டம் பேசாதீர்கள், தீபாவளிக்குப் பிறகு பேசாமல் இருந்துவிட்டு இப்போது விண்ணப்பத்தோடு போய் நின்றால் அவருக்கு அது இன்னொரு ஆபீஸ் வாசல் மாதிரிதான் இருக்கும். அம்மா சொல்லட்டும். விண்ணப்பத்தின் மொழியும் அவருக்கு ஏற்றதாக இருக்கலாம், "பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று தாராளமாக எழுதுங்கள். பணிவாக எழுதினால் சட்டத்தில் ஒரு பைசா குறையாது. அவர் அதை நேரில்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், கொடுக்கட்டும். அதே நாளில் இன்னொரு பிரதியைக் கோத்தகிரி தபாலாபீஸில் பதிவு செய்துவிட்டு, ரசீதை அம்மாவின் காலண்டர் தாள்களோடு சேர்த்து வையுங்கள். முப்பது நாள் கழித்துப் பதில் எதுவும் வராவிட்டால் கூலிச் சீட்டு, தபால் ரசீது, அம்மாவின் வீட்டு விண்ணப்ப நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போங்கள். அதற்கு ஒரு நாள் லீவு போட்டால் போதும்.